தேய்பிறையில் போன அத்தை

பதினோரு வயதில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. தெரிந்த எதையும் வாய்க்குள் வைத்திருக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் ரகசியமாகப் புது டிவி வாங்கப் போவதை அவர் மனைவியிடமே போய்ச் சொன்னவள் நான். அம்மா என்னை ஓட்டை வாய் என்பாள். அப்பா புத்திசாலி என்பார். இதில் யார் கட்சியில் நான் இருந்திருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த ஆண்டு ஆடியில்தான் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. வைகாசியில் செங்கல்பட்டில் கல்யாணம் செய்து கொடுத்திருந்தார்கள். புதுப்பெண்ணை ஆடி மாதத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்து, ஆவணி பிறந்ததும் வளர்பிறையில் ஒரு நல்ல நாள் பார்த்துத் திருப்பி அனுப்புவது வழக்கம். தாத்தா, பாட்டி இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் அஸ்தினாபுரத்தில் இருந்த எங்கள் இரண்டு அறை வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. ஆடி முடிந்தது, ஆவணியும் பிறந்தது. அத்தை போகவில்லை.

போகமாட்டேன் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. நாள் சரியில்லை என்றுதான் சொன்னாள். தினசரி காலண்டரின் தாளைக் கிழிக்கும் வேலையை வந்த முதல் வாரமே தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். தாளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் சமாச்சாரம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. மாதத்தில் பாதி நாள் தேய்பிறை, அது போச்சு. வளர்பிறையில் அஷ்டமியும் நவமியும் போச்சு. செவ்வாயும் சனியும் பெண்ணை அனுப்பக்கூடாத கிழமைகள். வியாழக்கிழமை தெற்கே சூலம். செங்கல்பட்டோ எங்களுக்கு நேர் தெற்கே. சந்திரன் அவள் ராசிக்கு எட்டாம் இடத்தில் நிற்கும் சந்திராஷ்டமம் வேறு ஒரு இரண்டு நாளை விழுங்கிவிடும். இத்தனைக்கும் தப்பித்து வரும் ஒன்றிரண்டு நாட்களில் அத்தைக்குத் தலைவலி வந்துவிடும்.

அப்பா மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்தார். தூக்கம் போதாத மனிதர். "சரி, அடுத்த வளர்பிறைல பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சோற்றுத் தட்டை இழுத்துக்கொள்வார். செங்கல்பட்டிலிருந்து அத்தையின் மாமியார் எழுதும் கார்டுகள் வந்துகொண்டே இருந்தன. கார்டு வந்த அன்றைக்கு அத்தை சாப்பிடமாட்டாள். அங்கே உனக்கு என்ன கஷ்டம் என்று யாராவது அவளை உட்கார வைத்துக் கேட்டார்களா என்று இன்றைக்கு யோசித்துப் பார்க்கிறேன். கேட்ட ஞாபகம் இல்லை. நானும் கேட்கவில்லை. அவள் இருந்தது எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது, அவ்வளவுதான்.

புரட்டாசியிலிருந்து அவள் தினமும் குரோம்பேட்டைக்கு டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளப் போனாள். ஒருநாள் அடுப்படியில் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. "மாசி வரைக்கும் தள்ளிட்டா போதும் அண்ணி. லோயர் பரீட்சை பாஸ் பண்ணிட்டேன்னா எங்கயாவது ஒரு ஆபீஸ்ல உக்காந்துடுவேன். அப்புறம் யாரும் என்னை இழுத்துகிட்டுப் போக முடியாது." அம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். டைப் அடிக்கிறவளை யார் எதற்கு இழுக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி என்றார்கள். எனக்கு வந்த தலைப்பு நிலாவின் பிறைகள். நான் சும்மா இருப்பேனா? ஒரே நாளில் சார்ட் ரெடி. நடுவில் பூமி, ஒரு பக்கம் சூரியன், மறுபக்கம் நிலா. பூமியின் நிழல் நிலாவின் மேல் விழுகிறது, நிழல் பெரிதானால் தேய்பிறை, சிறிதானால் வளர்பிறை என்று கலர் பென்சிலில் எழுதி, கீழே என் பெயரைச் சூரியனைவிடப் பெரிதாகப் போட்டேன்.

சார்ட்டை அத்தையிடம் காட்டியபோது அவள் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் நாலு மணி இருக்கும். சார்ட்டைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். பல்லாவரம் பக்கத்துக் குன்றுக்கு மேலே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் உயரத்தில், வெளுத்துப்போன அரை நிலா.

"ஏண்டி, சூரியன் அங்க இருக்கு. நிலா இங்க இருக்கு. ரெண்டும் நம்ம கண்ணுக்குத் தெரியுது. நடுவுல நாம எங்க வந்தோம், நம்ம நிழல் விழறதுக்கு?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் என் சார்ட்டில் தப்பு கண்டுபிடிக்கிறாளே! அவள் விடவில்லை. "நல்லா பாரு. வெளிச்சமா இருக்கற பக்கம் சூரியனைப் பாத்துத்தான் இருக்கு. நிழலும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெயில் படற பக்கத்துல பாதிதான் நமக்குத் தெரியுது."

மறுநாள் மிஸ்ஸிடம் கேட்டேன். மிஸ் ஒரு தடியான புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நிழல் விழுந்தால் அது கிரகணம், பிறைக்கும் நிழலுக்கும் சம்பந்தமில்லை என்றார். ஒரு பல்பும் பந்தும் வைத்துச் செய்து காட்டும் வழியையும் சொல்லிக்கொடுத்தார். அன்று மாலையே ஜன்னல்களைச் சாத்தி, நடு அறையில் மேஜை விளக்கை ஏற்றினோம். அது சூரியன். வெள்ளை ரப்பர் பந்தை ஒரு துடைப்பக் குச்சியில் குத்தி அத்தையின் கையில் கொடுத்தேன். அவள் பூமி. கையை நீட்டிப் பந்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு அவள் மெல்லச் சுற்றினாள். விளக்குக்கு நேராக இருந்தபோது பந்தின் இருட்டுப் பக்கம்தான் தெரிந்தது, அமாவாசை. கொஞ்சம் திரும்பினால் ஓரத்தில் ஒரு கீற்று. இன்னும் திரும்பினால் பாதி. விளக்குக்கு முதுகைக் காட்டி நின்றதும் பந்து முழுசாகப் பளீரென்றது.

"அடேயப்பா!" என்று அத்தை சின்னப்பிள்ளை மாதிரி கத்தினாள். திரும்பத் திரும்பச் சுற்றினாள். "அப்போ அது வளர்றதும் இல்ல, தேயறதும் இல்ல. எப்பவும் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. நாம பாக்கற இடம்தான் மாறுது." சொல்லிவிட்டு நெடுநேரம் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

கார்த்திகையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. மார்கழி பிறக்க மூன்று நாள்தான் பாக்கி. காலையிலேயே செங்கல்பட்டிலிருந்து அத்தையின் மாமியாரும், அத்தையின் புருஷனான மாமாவும் வந்து இறங்கினார்கள். மார்கழியில் பெண்ணை அனுப்பமாட்டார்கள், விட்டால் தை ஆகிவிடும் என்ற அவசரம் அந்த அம்மாளுக்கு. மாமா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். வந்ததிலிருந்து அத்தை எங்கே என்றுகூட அவர் கேட்கவில்லை.

"இன்னாமா இது, ஆடிக்கு வந்த பொண்ணு கார்த்திகை முடியப் போவுது, இன்னும் அண்ணன் வூட்லயே கீது. ஊரு சிரிக்குது. இன்னிக்கு இட்டுக்கினுதான் போவேன்" என்றாள் மாமியார்.

அத்தை அடுப்படி வாசலில் வந்து நின்று பணிவாகச் சொன்னாள். "இன்னைக்குத் தேய்பிறையாச்சே அத்தை. மொதமொதல்ல ஆடி முடிஞ்சு வரேன், தேய்பிறைல வந்தா குடும்பத்துக்கு ஆகாதுன்னு சொல்வாங்களே. தை பொறந்ததும் வந்துடறேன்."

அப்பாவும் தலையாட்டினார். மாமியாரால் மறுத்துப் பேச முடியவில்லை. பிறை பார்க்காமல் உப்புக்கூட வாங்காத குடும்பம் அது. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். அத்தையின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. மார்கழி முழுக்க அவளுக்குப் பத்திரம். தையில் இன்னும் நாலு அஷ்டமி நவமி கிடைக்கும். அதற்குள் மாசி வந்துவிடும்.

அப்போதுதான் நான் எழுந்தேன்.

"தேய்பிறைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது!"

யாரும் தடுப்பதற்குள் ஜன்னலைச் சாத்தி, விளக்கை ஏற்றி, பந்தை அந்த மாமியார் கையிலேயே கொடுத்தேன். பருமனான அம்மாள். கையைத் தூக்கிக்கொண்டு எங்கள் நடு அறையில் பூமியாக அசைந்து அசைந்து சுற்றினாள். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். மாமாகூடப் பேப்பரை இறக்கினார்.

"அட, ஆமா! ஒண்ணுமே தேயலையே!" என்றாள் மாமியார்.

"சின்னது, ஏதோ உளறுது" என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். பலமாக ஒரு கிள்ளும் கிடைத்தது. நான் நிறுத்தவில்லை. "உளறல மா! அத்தைக்கே தெரியும். அத்தைதான் மொதல்ல கண்டுபிடிச்சா. நிலா தேயறதே இல்லன்னு அவளேதான் சொன்னா!"

எல்லாரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. நான் ஊருக்கு முன்னால் பொய்க்காரி ஆகிவிடக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ.

"தெரிஞ்சிக்கினேதான் நாள் பாத்துக்கினு இருந்தியா?" என்றாள் மாமியார். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. அப்பாவின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. பிறகு, "பொட்டியை எடுத்து வைம்மா" என்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினார்கள். வழியனுப்ப அப்பாவும் நானும் ஸ்டேஷன் வரை போனோம். அம்மா வரவில்லை. அவள் அன்று முழுக்க என்னோடு பேசவும் இல்லை. உள்ளதைச் சொன்னதற்கு ஏன் இத்தனை கோபம் என்று எனக்கு மனத்தாங்கல்தான்.

தை முடியும்போது அத்தை பெயருக்குப் பரீட்சை ஹால் டிக்கெட் தபாலில் வந்தது. அம்மா அதைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். அத்தை பரீட்சை எழுத வரவில்லை. அடுத்த ஆடிக்கும் அவளை அனுப்பவில்லை. அந்த வீட்டிலேயே இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, இன்றைக்கும் செங்கல்பட்டில்தான் இருக்கிறாள். அங்கே என்ன பட்டாள் என்று என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் ஏன், எதற்கு என்று ஆயிரம் கேள்வி கேட்டிருப்பார்கள்; பிறை சரியில்லை என்றால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அது விளங்க இருபது வருஷம் ஆயிற்று. என் கல்யாணத்துக்கு வந்தபோது அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். பிறந்த வீட்டைப் பிரிகிற அழுகை என்று எல்லாரும் தேற்றினார்கள்.

ஆனால் அன்றைக்கு ஸ்டேஷனில் நான் அழவில்லை. வண்டி வரும்வரை அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளிடமிருந்து ஒரு பாராட்டு வாங்காமல் விட எனக்கு மனசில்லை. "நான் சரியாத்தானே சொன்னேன் அத்தை?" என்று கேட்டேன்.

என் தலையைத் தடவினாள். "சரியாத்தான்டா கண்ணு சொன்ன. ஒரு தப்பும் இல்ல."

திங்கட்கிழமை முதல் வேலையாக மிஸ்ஸிடம் போய், எங்கள் வீட்டில் பெரியவர்களுக்கே பிறையைப் பற்றிச் செய்து காட்டிவிட்டேன் என்றேன். எல்லாருக்கும் புரிந்ததா என்று மிஸ் கேட்டார்.

"எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு மிஸ்" என்றேன்.