அவள் ஏன் வாங்க மறுத்தாள்?

பாரிஸின் லா சப்பல் பகுதியில் ஒரு கடையின் மேல்மாடியில் மாதம் ஒருமுறை கூடிக் கதை வாசிப்போம். அன்று அமெரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்த ஒரு பெண் எழுத்தாளரின் சிறுகதையைப் பற்றி நான் பேசினேன். அதில் கடுங்குளிரில் எசமானி ஊர் பார்க்கக் கொடுக்கும் பழைய உடுப்பை வேலைக்காரி வாங்க மறுத்துவிடுகிறாள். அவளுடைய குணம் அகங்காரம், கதையின் கரு நன்றிகேடு என்று நான் முடித்தேன்.

புறநகரான பியர்ஃபித்திலிருந்து வரும் மதி எழும்பினாள். அவள் அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்பவள்.

"இல்லை அக்கா. அவளுக்கு உடுப்பு தேவைதான். எல்லாருக்கும் முன்னாலை குனிஞ்சு வாங்கத்தான் ஏலாது."

"குளிருக்கை நிண்டுகொண்டு என்ன ரோசம்?" என்று சிரித்தேன்.

அவள் போட்டிருந்த கோட்டைக் கழற்றி என் முன்னால் வைத்தாள்.

"இது நீங்கள் தந்தது. தந்ததை இஞ்சை எத்தினை பேருக்குச் சொன்னனீங்கள்?"

எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். நான் மன்னிப்புக் கேட்டுக் கோட்டை நீட்டினேன்.

"மன்னிப்புப் போதும். கோட்டு வேண்டாம்."

அவள் அந்தக் குளிரில் தலை நிமிர்ந்து மெத்ரோ ரயிலுக்கு நடந்தாள். நான் என் குறிப்புகளைக் கிழித்துப் போட்டேன். கதையில் வரும் அந்தப் பெண்ணை அகங்காரி என்று இனி ஒருவரும் என் முன்னால் சொல்லிவிட முடியாது.