மாமா கொண்டுவந்த மிஸ்வாக்

சவுதியிலிருந்து வருகிறவர் பக்கத்து வீடுகளுக்கு ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும். எங்கள் வாலிநோக்கத்தில் அது எழுதாத சட்டம். ஒன்றுமில்லாவிட்டாலும் பேரீச்சம்பழமோ, பல் துலக்கும் மிஸ்வாக் குச்சியோ வேண்டும். நான் நான்காம் வகுப்புப் படித்த வருடம் உம்மாவின் தம்பி திடீரென்று வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்தால் நாலு துணியும் ஓர் அரபிச் செய்தித்தாளும்தான்.

மறுநாள் விடிந்ததும் மாமா மண்வெட்டியோடு என்னை உப்பளத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே உகா மரங்கள் புதராக மண்டிக் கிடக்கும். வேரைத் தோண்டி, கழுவி, சாண் நீளத்துக்கு நறுக்கினார்.

"மாமா, இது நம்ம ஊரு வேருல்ல?"

"மரத்துக்கிட்ட பாஸ்போர்ட் கேப்பாகளா? வாயத் தொறக்காம அள்ளு."

செய்தித்தாளைக் கிழித்து இரண்டிரண்டாகச் சுற்றினோம். எங்கே வாங்கியது என்று மாமா ஒருவரிடமும் சொல்லவில்லை. மக்காவில் என்று வாங்கிக்கொண்டவர்களே சொல்லிக்கொண்டார்கள். அரபி எழுத்தாயிற்றே என்று எதிர்வீட்டு மாமி டயர் விளம்பரத்தைக்கூடக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விஷயம் வெளியே தெரிந்தால் மாமா தெருவில் தலைகாட்ட முடியாது என்று உம்மா என்னை மிரட்டி வைத்திருந்தார்.

பதினைந்து நாள் கழித்து அந்த மாமியே வந்தார். ஈறில் ரத்தம் கசிந்து வெகுநாளாக அவதிப்பட்டவர்.

"மக்கத்துக் குச்சின்னா குச்சிதான். ரத்தம் நின்னு போச்சு. நம்மூரு உகாவையும் மென்னு பாத்திருக்கேன், அதுல ஏது இந்தக் காரம்?"

எனக்குச் சிரிப்பு முட்டியது. உம்மா தொடையில் கிள்ளினார்.

"அடுத்து போயிட்டு வாரப்ப எனக்கு நாலு கூடக் கொண்டா, தம்பி."

"இன்ஷா அல்லாஹ்" என்று மாமா தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்கிறார் என்று நானும் குனிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். கல்லூரி ஆய்வகத்தில் பல் அழுக்கிலிருந்து எடுத்த கிருமிகளை வளர்த்து, உகா வேர்ச் சாற்றில் நனைத்த சின்னத் தாள் வில்லை ஒன்றை அவற்றின்மேல் வைத்தேன். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமியே இல்லாமல் தெளிந்த ஒரு வட்டம். மிஸ்வாக்கும் எங்கள் உகாவும் ஒரே மரம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மாமா யாரையும் ஏமாற்றவில்லை என்று சொல்ல, பெருமையோடு போன் செய்தேன்.

"அப்பவே சொன்னேன்ல" என்றார்.

நான் நான்காம் வகுப்புப் படித்த அந்த வருடம் சவுதியில் அவரை வேலையை விட்டு நிறுத்தி அனுப்பியிருந்தார்கள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். மாமி கேட்ட அந்த 'அடுத்து' இனி கிடையாது என்று உம்மாவுக்கும் அவருக்கும் அன்றே தெரிந்திருந்தது. நான் மாமாவுக்குத் துணையாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.