மருந்துக்கடை அக்காவின் கம்ப்யூட்டர்

"கம்ப்யூட்டர் படுத்துடுச்சு! எல்லாரும் டீ குடிச்சிட்டு வாங்க!" மருந்துக்கடை அக்காவின் குரல் தெருமுனை வரை கேட்கும். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலையும். கம்ப்யூட்டருக்கு ஒரு கேடும் இல்லை. கடை ஓரத்தில் எவளோ ஒருத்தி, வந்த காரியத்தைச் சொல்ல வாய் வராமல் சீப்பையும் சோப்பையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்காகத்தான் இத்தனை கூத்தும்.

அக்கா குள்ளம். கல்லாவுக்குப் பின்னால் பலகை போட்டு அதன்மேல் நிற்பார். மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும்போது நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்கும். உங்கள் வயிற்றுப்போக்கை ஊரறிய விசாரிப்பவர், அவசரக் கருத்தடை மாத்திரை என்றால் மட்டும் காதோடு காதாகப் பேசுவார். "எவ்வளவு சீக்கிரம் போடுறியோ அவ்வளவு நல்லது. மூணு நாளுக்குள்ள போட்டாகணும். கூச்சப்பட்டுக்கிட்டு உக்காந்திருக்காதே."

நான் உட்கார்ந்திருந்தேன். ஆணுறை கிழிந்துவிட்டது. இன்னொரு பிரசவத்தை என் உடம்பு தாங்காது என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். தினமும் கடைக்குப் போவேன். கூட்டத்தைக் கண்டதும் வாய் ஒட்டிக்கொள்ளும். ஒரு டூத்பேஸ்ட் வாங்கிக்கொண்டு திரும்புவேன். நான்காம் நாள் கம்ப்யூட்டர் படுத்தது.

"இது நாலாவது பேஸ்ட். உங்க வீட்டுல மொத்தம் எத்தனை பல்லும்மா?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, சொல்லிவிட்டேன். "நாலு நாள் ஆயிடுச்சுக்கா. எல்லாம் போச்சு."

"எது போச்சு? இந்த மாத்திரைக்குத்தான் நேரம் போச்சு. அஞ்சு நாள் வரைக்கும் கேக்குற வேற மாத்திரை இருக்கு, என்கிட்ட ஸ்டாக் இல்ல. அதைவிடக் கெட்டி, கர்ப்பப்பையில வெக்கிற காப்பர் டி. அதையும் அஞ்சு நாளுக்குள்ள வெச்சுக்கலாம். அப்புறம் வருஷக்கணக்குல கவலை இல்ல." சொல்லிக்கொண்டே கிளினிக்குக்குப் போன் போட்டார். "டாக்டரம்மா இருக்காங்களா? ஒரு பொண்ணை அனுப்புறேன். நாளைக்கு வான்னு திருப்பி அனுப்பினீங்க, நானே வந்து நிப்பேன்!"

அன்று மாலையே வைத்துக்கொண்டேன். கொஞ்சம் வலித்தது. எனக்கென்னவோ பாட வேண்டும் போலிருந்தது.

மாதவிலக்கு வந்த அன்று கடைக்கு ஓடினேன். ஈ நுழைய இடமில்லை. தலைகளுக்கு மேலே எட்டிப் பார்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஒரு பெரியவருக்கு நீட்டிய இருமல் மருந்து பாட்டிலை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்து, பந்தயத்தில் வென்ற கோப்பையைப் போல இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கினார்.

"அம்மா, அது என் மருந்து" என்றார் பெரியவர்.

அக்கா கையை இறக்கவில்லை.