டார்லீன் தேர்ந்தெடுத்த பேய்ப்படம்

ஒஹையோவில் பிளம் ஹாலோ ஊர் நூலகத்தின் குழந்தைகள் பிரிவை இருபது ஆண்டுகளாகக் கட்டிக்காத்து வருபவள் டார்லீன் ஃபோகல்சாங். வயது ஐம்பத்திரண்டு. இடி, இருட்டு, கண் சிமிட்டும் பொம்மை மூன்றிடமும் பாரபட்சமில்லாத பயம். ஹாலோவீனை ஒட்டிய சனிக்கிழமை பிற்பகலில் குழந்தைகளுக்குப் போடும் பேய்ப்படத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவளிடம் வந்ததே அதனால்தான். டார்லீனே பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டாள் என்றால் ஊரில் எந்தக் குழந்தையும் தூங்கும் என்பது நூலகத்தின் கொள்கை.

அதற்கென்று அவள் ஒரு படிவமே வைத்திருந்தாள். ரத்தம் உண்டா? நாய் சாகிறதா? காணாமல் போன அம்மா திரும்பி வருகிறாளா? டார்லீனின் ஆட்சியில் பிளம் ஹாலோவில் ஒரு நாயும் செத்ததில்லை.

சென்ற ஆண்டு மட்டும் சறுக்கியது. பெக்கெட் டிராஸ்க் என்ற ஏழு வயதுப் பையன் பாதிப் படத்தில் ஓவென்று அழுதான். அவன் அம்மா ஹெதர் நூலகக் குழுக் கூட்டத்துக்கே வந்துவிட்டாள். "மூணு வாரமா எங்களுக்கு நடுவுலதான் படுக்கறான். என் புருஷன் மூஞ்சியப் பாத்தே மூணு வாரமாச்சு" என்று அவள் சொன்னதைக் குழு ஆழ்ந்த கவலையுடன் குறித்துக்கொண்டது.

நூலகத் தலைவர் ஹாஸ்புரூக் டார்லீனைக் கூப்பிட்டார். "இதோ பாருங்க டார்லீன், இந்த வருஷம் ஒரு புள்ள அழுதாலும் அதோட படம் முடிஞ்சது. அடுத்த வருஷத்துலேருந்து அந்த நேரத்துல யார் பூசணிக்காய் பெருசுன்னு எடை போடுவோம்."

"அப்போ பயமே இல்லாத படமாப் போட்டுடறேன்."

"போர் அடிச்சுப் பசங்க எழுந்து போனாலும் பூசணிக்காய்தான்."

வருடம் முழுக்க டார்லீன் புத்தகங்களில் ஒட்டிய சூயிங்கம்மைச் சுரண்டினாள். அதை யாரும் பேசியதில்லை. இந்த இரண்டு மணி நேரத்தைத்தான் ஊர் 'டார்லீன் படம்' என்றது. அதைப் பூசணிக்காய்க்கு விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

பத்துப் படங்கள் பார்த்தாள். நான்கில் அவளுக்கே கொட்டாவி வந்தது. ஆறில் சோபாவின் பின்னால் ஒளிந்தாள். பதினோராவது படத்தில் பெயர் போடும்போதே ஒலித்த இசையைக் கேட்டு வீட்டு விளக்குகள் அத்தனையையும் போட்டாள். பிறகு, இதுவரை யாரிடமும் ஒப்புக்கொள்ளாத ஒரு காரியம் செய்தாள்: சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டு, வசனத்தைத் திரையில் படித்துக்கொண்டே பார்த்தாள்.

அற்புதமான படம். ஒரு கதவு மெல்லத் திறக்கிறது. நல்ல காற்று வரும் என்று தோன்றியது. ஒரு நாற்காலி தானாக ஆடுகிறது; நல்ல நாற்காலி. ரத்தம் இல்லை. நாய் நலம். அம்மா வந்துவிட்டாள். டார்லீன் அன்று அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள். காலையில் 'தகுதி' என்று எழுதினாள். சத்தத்தைப் பற்றிப் படிவத்தில் கேள்வி இல்லை.

சனிக்கிழமை நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஹாலோவீன் வேஷத்தில் முப்பத்தொரு குழந்தைகள்: சூனியக்காரிகள், எலும்புக்கூடுகள், ஒரு தபால் பெட்டி. பெக்கெட் டைனோசராக வந்திருந்தான். கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு ஹெதர். விளக்கு அணைந்தது.

முதலில் வந்தது ஒரு மூச்சு. சுவருக்குள்ளிருந்து யாரோ விட்டது போல. அதற்குப் பின்னால் ஒரு நகம் மரத்தைப் பிறாண்டியது. சத்தத்தோடு இது டார்லீன் பார்த்த படமே இல்லை. அந்தக் கதவு வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. இப்போதே டைனோசரின் வால் நடுங்கத் தொடங்கியிருந்தது.

அவள் ஒலிப்பெட்டியிடம் ஓடிச் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு இன்னும் கொஞ்சம். அப்படிக் குறைத்துக் குறைத்தே அரை மணி ஓட்டினாள்.

"மிஸ் டார்லீன், ஒண்ணுமே கேக்கல!"

"பேய்க்குத் தொண்ட கட்டிக்கிச்சா?" என்றாள் சூனியக்காரித் தொப்பி போட்ட ஹார்லோ. "வாங்கடா, மேல போய் கம்ப்யூட்டர்ல விளையாடலாம்." நான்கு எலும்புக்கூடுகள் எழுந்தன. தபால் பெட்டி எழுந்தது. டார்லீனின் கண்ணுக்குள் ஒரு பெரிய பூசணிக்காய் தராசில் ஏறியது.

திரையில் அந்தக் கதவு வந்துவிட்டது. பெக்கெட்டைப் பார்த்தாள். உதடு பிதுங்கியிருந்தது. ஆனாலும் அவன் திரும்பி, "சத்தம் வைங்க, மிஸ் டார்லீன்" என்றான்.

அவளே சத்தத்தை ஏற்றினாள்.

கதவு முனகியது. நாற்காலி ஆடியது. யாரோ தாலாட்டுப் பாடினார்கள். எழுந்தவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள். முப்பத்தொரு பேரில் ஒருவர் மூச்சுகூடக் கேட்கவில்லை. அந்த அமைதியில் ஒரு விம்மல். தொடர்ந்து இன்னொன்று. பிறகு வாய்விட்ட அழுகை.

பட்டென்று விளக்கு எரிந்தது. ஹெதர் சுவிட்சருகே நின்றாள். "யாரு? பெக்கெட், நீயா?"

"நான் இல்லம்மா."

முப்பத்தொரு முகங்களும் சுற்றுமுற்றும் பார்த்து, கடைசியில் ஒலிப்பெட்டியைப் பார்த்தன. அங்கே டார்லீன், முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள்.

டைனோசர் எழுந்து போய் அவள் கையைப் பிடித்தது. "அது வெறும் நாற்காலிதான், மிஸ் டார்லீன். கண்ண மூடிக்கங்க, போனப்புறம் நான் சொல்றேன்." பிறகு தாயைப் பார்த்து, "அம்மா, லைட்ட அணை. முக்கியமான எடம்." ஹெதர் விளக்கை அணைத்துவிட்டு வந்து டார்லீனின் இன்னொரு பக்கம் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை டார்லீனையும் ஹெதரையும் கூப்பிட்டு வைத்துக் குழு கூடி விஷயத்தை ஆழமாக விசாரித்தது. குழந்தைகள் அழுதார்களா? இல்லை. எழுந்து போனார்களா? இல்லை. படம் குழந்தைகளுக்கு ஏற்றதே என்றும், டார்லீனுக்கு ஏற்றதல்ல என்றும் ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. நிகழ்ச்சி தொடரலாம், ஆனால் டார்லீன் இனிப் பொறுப்புள்ள ஒருவர் துணையுடன்தான் படம் பார்க்க வேண்டும்.

"யாரு துணைக்கு?" என்றார் ஹாஸ்புரூக்.

ஹெதர் கையைத் தூக்கினாள். "நான் உக்காந்துக்கறேன். அன்னிக்குப் பாதிப் படம் நான்தானே பக்கத்துல இருந்தேன்." தூக்கிய கையை இறக்கித் தேய்த்துக்கொண்டாள். "ஆனா டார்லீன், நகத்த வெட்டிட்டு வாங்க."