கயிறு உரசிய இடம்

என் தோலுக்குக் கொஞ்சமும் விசுவாசம் கிடையாது. மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமக்கும்போது காய்ந்த உப்பு காலைக் கீறிவிடும். மற்ற பெண்களுக்கு அது ஆறித் தழும்பாகும். எனக்கோ ஆறின இடமே மறுபடி சிவந்து தடித்து, வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிரும். சுனாமி வந்த அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம். தாலி ஏறிய சில மாதங்களில், மஞ்சள் கயிறு உரசும் இடமெல்லாம் கழுத்தைச் சுற்றி அதே மாதிரி வெடித்தது. உப்பளத்து வியர்வை அதில் இறங்கினால் எரிச்சலில் உயிர் போகும்.

என் வீட்டுக்காரரே பாண்டிச்சேரிக்குத் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனார்.

"இது சோரியாசிஸ். ஒட்டுவாரொட்டி இல்ல. தோல்ல எங்க அடிபட்டாலும், உரசினாலும் அங்க கிளம்பும். ஆறுற வரைக்கும் கயிறைக் கழட்டி வைங்க" என்றார் டாக்டர்.

"கழட்டிடலாம் சார். உடம்புதான முக்கியம்" என்றார் என் வீட்டுக்காரர், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. பஸ்ஸில் அவரே கழற்றிக் கைக்குட்டையில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இப்படி ஒரு மனுஷன் வாய்த்தானே என்று கூனிமேடு தாண்டும்வரை பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

மருந்து பூசப் பூசக் கழுத்து ஆறிக்கொண்டு வந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திச் சமாளித்தேன். ஒரு நாள் பாத்திரம் தேய்க்கும்போது அது நழுவியதை மாமியார் பார்த்துவிட்டார்.

"ஏன்டி, கழுத்து மொட்டையா இருக்குது? எம் புள்ள உசுரோடதான இருக்கான்?"

"டாக்டர் சொன்னாருங்க அத்தை. உங்க புள்ளதான் கழட்டினாரு."

மாமியார் மகனைப் பார்த்தார். அவரோ தன் செருப்பைப் பார்த்தார்.

"நான் எங்கம்மா சொன்னேன்? எரியுதுன்னு அவளாதான் கழட்டிட்டா."

மாமியார் வாய்க்கு நான் என்றைக்கும் பயந்ததில்லை, பதிலுக்குப் பதில் கொடுத்துவிடுவேன். ஆனால் கூட நின்றவரே காலை வாரிவிட்டால் யாரோடு சண்டை போடுவது?

அன்று மாலையே சாமி படத்துக்கு முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். தாலியைப் புதுக் கயிற்றில் கோத்திருந்தார்கள். மஞ்சள் தடவிய கயிறு முறுக்கு விடாமல் விறைப்பாக இருந்தது. அவரேதான் கட்டினார். ஆறி வந்த புண்ணின் மேல் முடிச்சை இறுக்கும்போது குனிந்து, அவர் அம்மாவுக்குக் கேட்காதபடி, "வலிக்குதா?" என்று கேட்டார்.