பஞ்சாவுக்கு உட்கார்ந்தவர்

பஞ்சாவில் என் மாமாவை ஜெயிக்க எங்கள் தெருவில் ஆள் கிடையாது. எதிரெதிரே உட்கார்ந்து, முழங்கையை ஊன்றி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சாய்க்கிற அந்த விளையாட்டில் அவரிடம் தோற்காதவர்கள் கைக்குழந்தைகளும் என் அம்மாவும்தான். அம்மா அவருக்கு அக்கா. கூப்பிட்டாலும் உட்கார மாட்டாள், வேலை கிடக்கிறது என்பாள்.

மாமா பெரிய உடம்புக்காரர் இல்லை. களத்தில் நெல்மூட்டை தூக்குகிற மற்றவர்கள் பக்கத்தில் ஒல்லியாகத்தான் தெரிவார். பஞ்சாவில் பலம் தோளில் இல்லை, மணிக்கட்டில் இருக்கிறது என்பது அவர் கட்சி. எதிராளியின் கட்டைவிரலை ஒட்டி மேலே ஏற்றிப் பிடிக்க வேண்டும். முழங்கை உடம்பை விட்டு விலகக் கூடாது. தொடங்கியதும் மணிக்கட்டை உள்பக்கம் சுருட்டிவிட வேண்டும். அப்புறம் கையால் தள்ளாமல் உடம்பையே சாய்க்க வேண்டும். வாய்க்கால் மதகுக் கட்டையில் என்னை எதிரே உட்காரவைத்துத்தான் பழகுவார். நான் அவர் கையில் இரண்டு கையாலும் தொங்குவேன். தொங்கித் தொங்கி எனக்கும் விஷயம் பிடிபட்டுவிட்டது. மூன்றாம் வகுப்பில் என்னிடம் தோற்காத பையன் இல்லை.

ஆட்சி மாறி ஊருக்கு ஊர் மன்றம் வந்திருந்த காலம் அது. பூதலூர்ப் பக்கத்திலிருந்த எங்கள் ஊர் மன்றமும் பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி வைத்தது. சாதி பேதமின்றி அனைவரும் வருக என்று மைக்கில் ஓயாமல் அழைத்தார்கள். அந்த அறுவடையில்தான் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெரு அரிவாளைக் கீழே போட்டிருந்தது. பண்ணையில் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். அடிதடியாகி, போலீஸ் வந்து, அப்போதுதான் ஒருவழியாகப் பேசி முடித்திருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்து மாமா பஞ்சாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். அம்மா அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

வாய்க்காலுக்கு வடக்கே, குடியானத் தெருவில், பள்ளிக்கூட மேசையைப் போட்டுப் போட்டி நடந்தது. எங்கள் தெருக்காரர்கள் தனியாக ஒரு பக்கம் நின்றோம். பெயரைக் கூப்பிட்டதும் மாமா போய் உட்கார்ந்து முழங்கையை ஊன்றினார். எதிரே வர வேண்டியவர் விரல் சுளுக்கிக்கொண்டது என்றார். மாமா வென்றதாக மைக்கில் சொன்னார்கள். அடுத்தவர் வீட்டில் மாடு கன்று போடுகிற நேரம். இன்னொருவர் கூட்டத்திலேயே நின்றுகொண்டு, தான் ஊரில் இல்லை என்று ஆள் விட்டுச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமாவைக் கண்டு குடியானத் தெருவே நடுங்குகிறது என்று பக்கத்தில் நின்ற சிநேகிதியிடம் சொன்னேன்.

கடைசி ஆட்டத்துக்கு எதிராளி பண்ணையின் டிராக்டர் டிரைவர். குடியானத் தெருக்காரர். பஞ்சாவில் அந்தத் தெருவுக்கே பெரிய கை. அவர் பெயரைக் கூப்பிட்டபோது பண்ணையில் ஆட்களை வேலை வாங்குகிற காரியக்காரர் அவர் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மன்றச் செயலாளர் பரிசுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்தார்.

“அதான் ஜெயிச்சாச்சே தம்பி, எந்திரி. வாங்கிக்க.”

மாமா முழங்கையை எடுக்கவில்லை. “இன்னும் யார் கையையும் புடிக்கலியேங்க. எப்படி ஜெயிச்சேங்குறீங்க?”

கூட்டம் சலசலத்தது. எங்கள் பக்கத்திலிருந்து சிலர் முன்னால் நகர்ந்தார்கள். அந்தப் பக்கம் துண்டை உதறி இடுப்பில் இறுக்கிக் கட்டினார்கள். அம்மா என் தோளைப் பிடித்த பிடி வலித்தது. மாமா யாரையும் பார்க்கவில்லை. விரித்த கையோடு காத்திருந்தார்.

டிரைவர் எழுந்தார். யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

“விடுய்யா. நாளைக்கு நான் பயந்துட்டேம்பான்” என்று உதறிவிட்டு வந்து மாமாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

மாமா உள்ளங்கையை வேட்டியில் துடைத்துவிட்டு அவர் கையைப் பிடித்தார். விசில் ஊதினார்கள். மாமாவால் மணிக்கட்டைச் சுருட்ட முடியவில்லை. டிரைவர் விடவில்லை. மாமாவின் கை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்ந்து, மேசையைத் தொடப் போகிற இடத்தில் நின்றது. இருவர் கழுத்திலும் நரம்பு புடைத்திருந்தது. அப்படியே வெகுநேரம் இருந்தார்கள். டிரைவர் மூச்சு வாங்கப் பிடியைத் துளி தளர்த்தியபோது, மாமா மணிக்கட்டை உள்ளே சுருட்டி, முழங்கையை ஒட்டி இழுத்து, உடம்போடு சாய்ந்தார். டிரைவரின் புறங்கை மேசையில் அறைந்தது.

நான் மட்டும் கைதட்டினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் மாமாவின் கையை விடாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அந்தத் திருப்பு எப்படிப் போட்ட? இன்னொருவாட்டி போடு பாப்பம்.”

மாமா முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. இருவரும் மறுபடி கை கோத்தார்கள். இந்தத் தடவை டிரைவர் ஜெயித்தார். செயலாளர் குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

பொங்கல் கழிந்ததும் டிரைவரைப் பண்ணையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் நாகப்பட்டினம் போய் மீன் லாரி ஓட்டுவதாகச் சொன்னார்கள். அதைக் கேட்ட அன்று மாமா தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் மேல் கோபமாக வந்தது.

“நீங்க தோத்துருந்தா அவருக்கு வேல போயிருக்காதுல்ல மாமா?”

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்துகொண்டார்.

தோற்ற ஆளைப் பண்ணையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள் போல என்று நான் பல வருஷம் நம்பினேன். மாமாவிடம் யாரும் பயப்படவில்லை, அவர் கையைத் தொடத்தான் மறுத்தார்கள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. அன்று முதல் தடவையே டிரைவர் ஜெயித்திருந்தாலும் அவருக்கு வேலை போயிருக்கும். அவர் கையை நீட்டியபோதே அது போய்விட்டது.