டப்பிக்குச் சூடு ஆகாது

போன வாரம் எங்கள் அடுக்குமாடியில் லிஃப்டுக்குள் நுழைந்தபோது பின்னால் யாரோ குறட்டை விட்டார்கள். நின்றுகொண்டே தூங்குகிற ஆள் யாரடா என்று திரும்பினேன். நான்காவது மாடிப் பெண்ணின் காலடியில் ஒரு பக் நாய். சப்பை மூக்கு, கரிப்பிடித்த சட்டி மாதிரி மூஞ்சி, அதில் மடிப்பு மடிப்பாகச் சதை. என்னையறியாமல் "டப்பி!" என்று கூப்பிட்டுவிட்டேன். "இல்ல ஆன்ட்டி, கப்புச்சீனோ" என்றாள் அந்தப் பெண். கப்புச்சீனோ என் செருப்பின்மேல் ஒரு தும்மல் போட்டது. குனிந்து அதன் தலையைத் தடவிக்கொடுத்தேன். இறங்கும்போது அந்தப் பெண் பையிலிருந்து சின்ன சானிடைசர் புட்டி ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டாள். "தேச்சுக்கங்க ஆன்ட்டி, போதும்." இரண்டே சொட்டு! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அய்யாவுக்கு அப்போது பாம்பன் ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தா வேலை. சுதந்திரம் வந்து ஒன்பது பத்து வருஷம் இருக்கும், எனக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். கருவாட்டுச் சிப்பம், கருப்பட்டிக் கொட்டான், பாய்க்கட்டு என்று நாள் முழுக்க அவர் கையில் வந்து போகும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அந்த வாடையெல்லாம் சட்டையோடு வரும். வாடையை வைத்தே "இன்னைக்கு நெத்திலி போயிருக்கு" என்று அம்மா சரியாகச் சொல்லிவிடுவாள். ஒருநாள் மட்டும் அம்மாவுக்குப் பிடிபடாத வாடையோடு வந்தார். லவண்டர் சோப்பு வாடை. கையில் ஒரு பிரப்பங்கூடை. மூடியைத் திறந்ததும் அம்மா இரண்டடி பின்னால் போய்விட்டாள்.

"என்னங்க, கொரங்குக் குட்டியவா கொண்டாந்திருக்கீக?"

"நாயிடி. சீமை நாய்."

நடந்தது இதுதான். அன்றைக்கு அய்யா மாற்று வேலையாகத் தனுஷ்கோடிக்குப் போயிருந்தார். கொடைக்கானலிலிருந்து இலங்கைக்குப் போக வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம் தனக்கு வேண்டிய காகிதமெல்லாம் இருந்தது, நாய்க்கு உரிய காகிதம் மட்டும் இல்லை. கப்பல் கிளம்புகிற நேரம். கண்ணில் பட்ட முதல் ஆளாகிய அய்யாவிடம் கூடையை நீட்டி, இரண்டு மாதத்தில் காகிதத்தோடு வந்து வாங்கிக்கொள்வதாக அழாத குறையாகச் சொல்லியிருக்கிறார். அய்யாவுக்கு ஆங்கிலத்தில் 'எஸ் மேடம்' வரும், 'நோ மேடம்' வராது. கூடை வீட்டுக்கு வந்துவிட்டது.

நாயின் பெயர் டஃபி என்று அந்த அம்மாள் சொன்னாராம். அது அய்யா வாயில் நுழைந்து வெளியே வருவதற்குள் டப்பி ஆகிவிட்டது. பொருத்தமாகத்தான் இருந்தது. அய்யா மூக்குப்பொடி டப்பியைத் திறந்து ஒரு சிட்டிகை போட்டுத் தும்மினால், பொடியே போடாமல் இது பதிலுக்கு இரண்டு தும்மும். திருஷ்டி பட்டுவிடுமே என்று நான் பொட்டு வைக்கப் போனால் அம்மா சிரிப்பாள். "மூஞ்சி பூராவும் மையாத்தானே இருக்கு, இதுக்கு மேல எங்கன வைக்கப் போற?"

கூடையோடு ஒரு காகிதமும் வந்திருந்தது. ஆங்கிலத்தில் மூன்றே மூன்று விஷயம். அய்யா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கோயிலில் பஞ்சாங்கம் படிப்பதுபோல் படித்தார். ஒன்று, முகத்து மடிப்புகளைத் தினமும் துணியால் துடைக்கவும். இரண்டு, கொஞ்சமாகச் சாப்பாடு. மூன்றாவதை இரண்டு தடவை மனசுக்குள் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இதுக்குச் சூடு ஆகாதாம். கண்டிப்பாச் சூடாகக் கூடாதுன்னு கீழ கோடு போட்டிருக்கு."

அம்மா டப்பியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். நாய்க்கு உடம்பு எப்போதுமே நம்மைவிடச் சுடும் என்பது எங்களுக்குத் தெரியாது. "அடியாத்தி, கணகணன்னு இருக்கே! உள்சூடுதான்" என்றாள். அன்றைக்கே வைத்தியம் தொடங்கிவிட்டது.

சிரிக்காதீர்கள். நம் ஊரில் சூடு என்றால் அப்போது வேறு அர்த்தமே கிடையாது. மாம்பழம் சூடு, பப்பாளி சூடு, கருவாடு பெருஞ்சூடு. ஆகவே டப்பிக்குக் காலையில் வெந்தயம் ஊறிய தண்ணீர். பத்து மணிக்கு மோர். நுங்குக் காலத்தில் நுங்கு. சனிக்கிழமை தவறாமல் உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்துக் குளியல். மீன் கொட்டிக் கிடக்கிற பாம்பனில் அந்த ஜீவனுக்கு ஒரு துண்டு கருவாடு கிடையாது. எண்ணெய் வழியும் மூஞ்சியோடு அது அம்மாவைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, விளக்கெண்ணெய் குடித்த பிள்ளைகள் எல்லோருடைய சார்பாகவும் பார்க்கிற மாதிரி இருக்கும். மடிப்பு துடைப்பது என் வேலை. கடற்காற்றில் மணல் வந்து மடிப்புக்குள் உட்கார்ந்துகொள்ளும். அம்மாவின் பழைய சேலைக் கிழிசலை விரலில் சுற்றி மெல்லத் துடைத்தால், கண்ணை மூடிக்கொண்டு குறட்டை விடும். அந்தக் குறட்டை கேட்காமல் எனக்குப் பாடம் படிக்க ஓடாது. இரண்டு மாதம் கழித்து அந்த அம்மாள் வந்துவிடுவாரே என்ற நினைப்பு வரும்போதெல்லாம் இன்னொரு தடவை துடைப்பேன்.

அடுத்த வீடு மரைக்காயர் மாமாவுடையது. கீழக்கரைக்காரர், இரண்டு வள்ளம் வைத்திருந்தார். கருவாட்டைக் காயவைக்கும் முற்றம் எங்கள் வேலியை ஒட்டித்தான். டப்பி வேலியில் கொஞ்சம் சந்து கண்டுபிடித்து, தலையை மட்டும் அந்தப்பக்கம் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மாமாவுக்கு நாய் ஆகாது. நாய் ஈரத்தோடு மேலே பட்டுவிட்டால், பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரில். அது அவர்கள் மார்க்கம். டப்பியின் மூக்கோ எந்நேரமும் ஈரம். ஆனாலும் மனிதருக்கு மனசு கேட்காது. நீளக் கம்பு நுனியில் ஒரு நெத்திலியைக் குத்தி, கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நீட்டுவார். "அங்கனயே நில்லுங்க, கிட்ட வராதீங்க. நம்ம சிநேகிதமெல்லாம் தூரத்துலதான்" என்று மரியாதையாகப் பேசுவார். அம்மா அறியாமல் டப்பி ஒரு சுற்று பெருத்தது அப்படித்தான்.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பிள்ளைகள், எங்கள் வீட்டில் இருப்பது நாயே இல்லை, மூஞ்சி சப்பிப்போன குரங்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ரோஷம் என்றால் மூக்குக்கு மேல். பங்குனி மாதம், மத்தியானச் சாப்பாட்டு மணி. வீட்டுக்கு வந்தேன். அம்மா ஊருணிக்குத் தண்ணீருக்குப் போயிருந்தாள். டப்பியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். புத்தி இல்லாமல் போனேன் என்று நினைக்காதீர்கள். கிளம்பும் முன் இரண்டு கொட்டாங்கச்சி மோர் கொடுத்தேன். உள்ளே குளிர்ச்சி இருக்கும்போது வெளியே அடிக்கிற வெயில் என்ன செய்யும்? இது என் கணக்கு.

போகும்போது ஓட்டமும் நடையுமாக வந்தது. பிள்ளைகள் முன்னால் இரண்டு சுற்றுச் சுற்றிக்கூடக் காட்டியது. திரும்பும்போது மணல் கொதித்தது. பள்ளிவாசல் பக்கம் வந்ததும் டப்பி உட்கார்ந்தது, அப்புறம் படுத்தது. நாக்கு முழுசாக வெளியே வந்து நாவல்பழ நிறமாகிவிட்டது. மூச்சு மரம் அறுக்கிற சத்தத்தில் போனது. தூக்கப் பார்த்தேன். என் கனத்தில் பாதி இருந்தது, முடியவில்லை. "டப்பி, டப்பி" என்று கத்துவதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அது செத்துக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

மரைக்காயர் மாமா லுஹர் என்கிற மத்தியானத் தொழுகைக்காக வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கைலியுமாகப் பள்ளிவாசலுக்குள் போய்க்கொண்டிருந்தார். அப்போதுதான் தொழுகைக்காகக் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்து முடித்திருந்தார். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நின்றார். பள்ளிவாசலைப் பார்த்தார், டப்பியைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் அதை இரண்டு கையாலும் வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டார். அவ்வளவு பெரிய உடம்பு ஓடி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அவர் வீட்டுக் கிணற்றடி. வாளி வாளியாக இறைத்து வயிற்றிலும் காலிலும் தலையிலும் ஊற்றினார். சாக்கை நனைத்து நிழலில் விரித்துக் கிடத்தி, பனையோலை விசிறியால் வீசச் சொன்னார்.

"ஏ புள்ள, இத ஏன் இந்த வேகாத வெயில்ல இழுத்துக்கிட்டு வந்த?"

"மோர் குடுத்துத்தான் மாமா கூட்டியாந்தேன். உள்சூடு இல்ல."

"மூக்கே இல்லாத சீவனுக்கு மோரக் குடுத்து என்ன செய்ய? இதுக்கு உள்சூடும் இல்ல, ஒண்ணும் இல்ல, வெளிச்சூடுதான். வள்ளத்துல வெயிலடிச்சு விழுந்தவனுக்கு நாங்க வெந்தயமா குடுப்போம்? மேலுக்குத் தண்ணி ஊத்துவோம். நீ வீசு, நிறுத்தாத."

வீசினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மரம் அறுக்கிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. அப்புறம், இருந்தாற்போல், பழைய குறட்டை. அதைக் கேட்டுத்தான் நான் ஓவென்று அழுதேன். மாமா என்னைப் பார்த்துவிட்டு, "மய்யித்து கெடக்குற ஊட்டுலகூட இப்படி அழமாட்டாக" என்று எழுந்து கிணற்றடிக்குப் போனார்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. சட்டை, கைலி, கை, கழுத்து, தாடி எல்லாம் ஏழு தடவை கழுவ வேண்டும். ஆமினா மாமி அடுப்படியிலிருந்தபடியே எண்ணிக்கொண்டிருந்தார். "மூணு... நாலு..."

"அடியே, மண்ணு போட்டது மூணாவதுலயா, நாலாவதுலயா?"

"மண்ணா? நீங்க எங்க மண்ணு போட்டீக?"

வாளி மறுபடி கிணற்றுக்குள் இறங்குகிற சத்தம். பிறகு மாமி குரல் வந்தது. "சரி, மொதல்லருந்து வாங்க. ஒண்ணு..."

அன்று எல்லோரோடும் சேர்ந்து தொழுகிற ஜமாஅத் தப்பிப்போய் மாமா வீட்டிலேயே தொழுதார். விஷயம் தெரிந்து அம்மா என் முதுகில் வைத்த இரண்டு, நியாயமான இரண்டு. வெந்தயம் அன்றோடு நின்றது. அதற்குப் பதில் ஈரச் சாக்கு வந்தது. நிழலில் ஈரச் சாக்கு விரித்து, அதன்மேல் டப்பி ஜமீன்தார் மாதிரி படுத்திருக்கும். ஆக, முன்பு மூக்கு மட்டும்தான் ஈரம், இப்போது முழு நாயும் ஈரம். மாமா இனிமேல் வேலிப்பக்கமே வரமாட்டார் என்றுதான் நினைத்தோம்.

இரண்டாவது நாளே அவர் கிணற்றடியில் ஒரு புதுச் சட்டி இருந்தது. நிறையச் சுத்தமான மண். கடலிலிருந்து வந்ததும் மாமா வேலியோரம் குந்தி, கம்பு கிம்பு ஒன்றும் இல்லாமல், டப்பியின் ஈரத்தலையில் கைவைத்து ஆற அமரத் தடவிக்கொடுப்பார். பிறகு போய் ஏழு தடவை கழுவிக்கொள்வார். தினமும்! உள்ளேயிருந்து மாமி எண்ணுவார். "என்ன மரைக்காயரே இது?" என்று அய்யாவே ஒருநாள் கேட்டுவிட்டார். "கழுவுனாப் போயிர்ற காரியம்தானே பிள்ளைவாள். படைச்ச ரப்பு தண்ணியக் குடுத்திருக்கான், மண்ணக் குடுத்திருக்கான், கைய ரெண்டாக் குடுத்திருக்கான்" என்றார் மாமா. அந்தச் சட்டிக்கு டப்பிச் சட்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

வெள்ளைக்கார அம்மாளின் கடிதம் நாலாவது மாதம்தான் வந்தது. இலங்கையிலிருந்தே நேராகச் சீமைக்குப் போவதாகவும், டப்பியை நாங்களே வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருந்தார். நான் வீட்டைச் சுற்றி மூன்று தடவை ஓடினேன். கடைசி வரியை அய்யா படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். "வெயில் ஏறுமுன்னே உள்ளே வைப்பீர்கள், ஈரத்துணி போடுவீர்கள் என்று..." அம்மா அவரையே பார்த்தாள். அய்யா கடிதத்தை மடித்துவிட்டு ஒரு சிட்டிகை பொடி போட்டார். அவரும் டப்பியும் தும்மினார்கள்.

டப்பி அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தது. வயதாகி, ஒரு மத்தியானம், ஈரச் சாக்கின்மேலேயே போய்விட்டது. குறட்டை நின்றுபோனதால்தான் எங்களுக்குத் தெரிந்தது. குழி தோண்ட அய்யா மண்வெட்டியை எடுத்தபோது மாமா வாங்கிக்கொண்டார். தோண்டியதும் அவர்தான், தூக்கி உள்ளே வைத்ததும் அவர்தான். பிறகு கிணற்றடிக்குப் போனார். மாமி எண்ணினார், ஏழு வரைக்கும். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நிற்கவில்லை.

"ஏழாச்சுங்க, வாங்க" என்றார் மாமி.

"தெரியுது" என்றார் மாமா. அதற்கப்புறமும் வெகுநேரம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷமே அய்யாவுக்கு மாற்றல். பிறகு அந்தப் பெரும்புயல், தனுஷ்கோடி ரயிலும் நின்றது, கப்பலும் நின்றது. இரண்டு வருஷத்துக்கு முன் மகனோடு இராமேஸ்வரம் போகும் வழியில் பாம்பனில் இறங்கித் தேடினேன். எங்கள் வீடு, வேலி, கருவாட்டு முற்றம், கிணறு எல்லாம் இருந்த இடத்தில் ஒரு லாட்ஜ், முழுக்கச் சிமெண்டுத் தளம். அதற்கடியில் எங்கோதான் டப்பியும் கிடக்கிறது. வாசலில் நின்ற காவலாளியிடம் ஒரு மண்சட்டியைப் பற்றி எப்படி விசாரிப்பது? திரும்பி வந்துவிட்டேன்.

அன்றைக்கு லிஃப்டைவிட்டு வந்து குழாயடியில் நின்றேன். இரண்டு சொட்டு காய்ந்துபோன கையைக் கழுவ ஆரம்பித்தேன். எனக்கு அப்படி ஒரு மார்க்கமும் இல்லை, கட்டாயமும் இல்லை. ஆனாலும் எண்ணிக்கொண்டே கழுவினேன். ஏழு வந்த பிறகும் குழாயை மூட மனசு வரவில்லை.

"அத்தே, என்ன இவ்ளோ நேரம் தண்ணி ஓடுது?" என்று உள்ளேயிருந்து மருமகள் குரல் கொடுத்தாள்.

"ஏழாச்சும்மா, வாரேன்" என்றேன்.